இலவசமாக வந்த பவர் சப்ளை

சிவகாசியில் அச்சகங்கள் நெருங்கி நிற்கும் ஒரு தெருவில் ஒரு கம்ப்யூட்டர் கடை இருந்தது. கடைக்காரர் பெயர் தவசிலிங்கம். முன்பக்க அலமாரியில், கம்பெனி முத்திரை பிரிக்காத ஓர் அட்டைப்பெட்டிக்குள் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. வாங்கிக்கொண்டுபோய் ஒயரைச் செருகினால் ஓடும். பின்பக்க அலமாரியில் உதிரிப் பாகங்கள் இருந்தன. பார்த்துச் சேர்த்துப் பூட்டினால் அவையும் ஒரு கம்ப்யூட்டர்தான்.

அந்த உதிரிகளில் ஒன்று பவர் சப்ளை. சுவரிலிருந்து வரும் கரண்ட்டைப் பக்குவப்படுத்தி மற்ற பாகங்களுக்கு அளந்து கொடுப்பது அதன் வேலை. ஆனால் அதைத் தனியாக விலை பேசி யாரும் அங்கே வைக்கவில்லை. பக்கவாட்டில் கண்ணாடியும் உள்ளே வண்ண விளக்குகளும் வைத்த ஒரு கேபினெட்டோடு, காய்கறியோடு கொசுறாக வரும் கறிவேப்பிலை மாதிரி, அது சும்மா வந்திருந்தது.

அதன் முதுகில் 'நானூற்றைம்பது வாட்' என்று பெரிதாக ஒட்டியிருந்தது. அதில் பாதிதான் தன்னால் முடியும் என்பது அதற்குத் தெரியும். அதைச் செய்தவர்கள் ஒட்டி அனுப்பியது அது. இரண்டு வருடமாக அலமாரியில் கிடந்ததால், அந்தப் பொய்யால் இதுவரை யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை.

ஆனி மாதக் கடைசியில் ஒருநாள் சந்தனமாரி கடைக்கு வந்தாள். அவள் காலண்டர் படங்கள் வடிவமைப்பவள். பக்கத்துத் தெரு டிடிபி சென்டரில் வாடகைக்கு உட்கார்ந்துதான் அதுவரை வேலை பார்த்தாள்.

“சென்டரைப் பூட்டிட்டாங்க அண்ணாச்சி. மிஷினை எல்லாம் வித்துட்டாங்க. ஆடிப் பதினெட்டுக்குள்ள எனக்கு ஆல்பம் முடிஞ்சாகணும்.”

அடுத்த வருடக் காலண்டருக்கான மாதிரி ஆல்பத்தை அந்த ஊரில் ஆடிப் பதினெட்டு அன்றுதான் வெளியிடுவார்கள். அன்றைக்கு ஆல்பத்தில் இல்லாத படத்துக்கு அந்த வருடம் ஆர்டர் கிடையாது.

“செஞ்சவரைக்கும் பத்திரமா இருக்கா?” என்று கேட்டார் தவசிலிங்கம்.

சந்தனமாரி கைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துக் காட்டினாள். “இதுல மட்டுந்தான் இருக்கு. இது போச்சுன்னா நானும் பட்டாசு ஆபீசுக்கு டப்பா ஒட்டப் போக வேண்டியதுதான்.”

கையில் எவ்வளவு இருக்கிறது என்று சொன்னாள். தவசிலிங்கம் தாடையைச் சொறிந்தார்.

“ரெண்டு வழி இருக்கு மாரி. ஒண்ணு, அந்தா இருக்கே, ரெடிமேடு. தலைவலி கிடையாது. ஆனா இன்னிக்கு எப்படியோ கடைசிவரைக்கும் அப்படியேதான். இன்னொண்ணு, அசெம்பிள் பண்றது. உனக்கு எது வேணுமோ அதைப் போட்டுக்கிடலாம், பின்னால மாத்திக்கிடலாம். ஆனா நாமதான் பாத்துச் சேக்கணும்.”

“ரெண்டையும் எடுத்து வைங்க. சாப்பிட்டுட்டு வந்து சொல்றேன்.”

அவர் அட்டைப்பெட்டியை மேசையின் ஒரு பக்கமும், உதிரிப் பாகங்களை மறுபக்கமும் எடுத்து வைத்தார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவரும் சாப்பிடப் போனார்.

கடை அமைதியானதும் பாகங்கள் பேசத் தொடங்கின. பேச்சு சீக்கிரமே பாகப்பிரிவினையாக மாறியது.

“யோசிக்கப் போறவன் நான். பெரிய பங்கு எனக்கு,” என்றது பிராசசர்.

“அந்தம்மா படம் போடுறவங்க. நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் படத்தையே காட்டிருவேன்,” என்றது கிராபிக்ஸ் கார்டு. அது வயதில் சின்னது, வாயில் பெரியது.

“எல்லாரும் வந்து என் மடியிலதான உக்காரணும்? மடிக்கு விலை இல்லையா?” என்றது மதர்போர்டு.

“உள்ள யார் இருக்காங்கன்னு எவன் பாக்கிறான்? என்னைப் பாத்துத்தான் கடைக்குள்ளயே வர்றாங்க,” என்றது கண்ணாடி கேபினெட்.

ஆளாளுக்கு இழுத்ததில் சந்தனமாரியின் பணம் முழுவதும் பங்காகிவிட்டது. மூலையில் இருந்த பவர் சப்ளையின் பக்கம் மதர்போர்டு திரும்பியது.

“இவனுக்கு?”

“இவன் என்கூடச் சும்மா வந்தவன்க்கா,” என்றது கேபினெட். “சும்மா வந்தவனுக்கு என்ன பங்கு?”

எதிர்ப்பக்கம் அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. “பிரிச்சு முடிச்சாச்சா? எங்க வீட்டுல இந்தச் சண்டையே கிடையாது. ஆளுக்கு இவ்வளவுன்னு கம்பெனியிலயே அளந்து வச்சிட்டாங்க.”

“உங்க வீட்டுல மூடியைத் திறந்தாலே வாரண்டி போயிரும். அப்புறம் எங்க சண்டை போடுறது?” என்றது மதர்போர்டு. மற்ற பாகங்கள் சிரித்தன.

பவர் சப்ளை சிரிக்கவில்லை. தாழ்ந்த குரலில் அட்டைப்பெட்டியிடம் கேட்டது: “உள்ள எங்க ஆளு யாராச்சும் இருக்கீங்களா?”

“இருக்கேன்,” என்று உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

“உங்க முதுகில எவ்வளவு போட்டிருக்கு?”

“நூத்தியெண்பது.”

“எவ்வளவு குடுப்பீங்க?”

“நூத்தியெண்பது.” உள்ளே இருந்த குரலுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. “உங்களுக்கு எவ்வளவு?”

“நானூத்தியம்பது போட்டிருக்கு.”

“அடேயப்பா. எவ்வளவு குடுப்பீங்க?”

“ஒட்டினவங்களைத்தான் கேக்கணும்,” என்று முனகியது பவர் சப்ளை. அதிலேயே பெட்டிக்குள் இருந்ததுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“அவங்ககிட்டச் சொல்லிருங்க,” என்றது அது. “வாயால யாரும் கேக்க மாட்டாங்க. பாரத்தை ஏத்திட்டுத்தான் கேப்பாங்க. எனக்கும் ஒரு குறை உண்டு. என் பிளக் ஊர்ல வேற எதுக்கும் பொருந்தாது. நான் செத்தா கம்பெனியிலிருந்து இன்னொருத்தன் வர்ற வரைக்கும் வீடு இருட்டுதான். ஆனா இருக்கிறவரைக்கும் சொன்னதைக் குடுப்பேன்.”

பவர் சப்ளை தயங்கித் தயங்கி உதிரிகளின் பக்கம் திரும்பியது. “இவ்வளவு பேரை என்னால தாங்க முடியாது,” என்றது.

“எழுதியிருக்குல்ல, பெறகென்ன?” என்றது கிராபிக்ஸ் கார்டு.

“வாயை மூடு,” என்று அதட்டியது கேபினெட். “உன்னைக் கழிச்சா என்னையும் சேத்துல்ல கழிப்பாங்க. ரெண்டு வருஷமா இந்தத் தூசியில கிடந்தது போதாதா?”

போதும் என்றுதான் பவர் சப்ளைக்கும் தோன்றியது. ஒரு வீட்டுக்குப் போக வேண்டும், ஒரு வேலை பார்க்க வேண்டும் என்று அதற்கும் ஆசை இருந்தது. அது வாயை மூடிக்கொண்டது.

சந்தனமாரி திரும்பி வந்தாள். “அசெம்பிளே பண்ணிருங்க அண்ணாச்சி. இப்போதைக்குத் தினசரிக் காலண்டர்தான். அடுத்த வருஷம் பெரிய படம் குடுக்கிறோம்னு பிரஸ்ல சொல்லியிருக்காங்க. அப்போ மிஷினும் கூட வளரணும்ல?”

“சரியாத்தான் சொல்ற. பவர் சப்ளை கேபினெட்டோடவே வருது. அந்தக் காசையும் சேத்துக் கார்டுல போட்டுருவோம்,” என்றார் தவசிலிங்கம். பட்ஜெட் இடிக்கும்போதெல்லாம் அந்தத் தெருவில் எல்லாரும் கை வைப்பது பவர் சப்ளையில்தான். அவர் வேறு எதையும் யோசிக்கவில்லை.

பூட்டி முடித்துச் சுவிட்சைப் போட்டார். கேபினெட்டுக்குள் சிவப்பும் நீலமுமாக விளக்குகள் ஓடின. திரை ஒளிர்ந்தது. பவர் சப்ளைக்கு வியப்பாக இருந்தது. தாங்க முடிகிறதே! ஒருவேளை முதுகில் எழுதியிருப்பது உண்மையாகவே இருக்குமோ என்று அது நினைத்தது.

“உன் படத்தைத் திறந்து பாரு,” என்றார் தவசிலிங்கம்.

சந்தனமாரி பென்டிரைவைச் செருகினாள். மயில்மேல் முருகன். தோகையின் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாக வரைந்திருந்தாள். படம் கனமானது. பிராசசர் மூச்சு வாங்கியது. கிராபிக்ஸ் கார்டு கரண்ட்டை வாரிக் குடித்தது. பவர் சப்ளையின் உடம்பு கொதித்தது.

அப்போது பக்கத்து அச்சகத்தில் சாப்பாட்டு நேரம் முடிந்து ஆஃப்செட் மிஷினை ஓட்டினார்கள். அது ஓடத் தொடங்கினால் தெரு முழுக்க வோல்டேஜ் இறங்கும். கடையின் டியூப்லைட் மங்கியது.

“குடு, குடு,” என்று கத்தியது கிராபிக்ஸ் கார்டு.

சுவரிலிருந்து வருவது குறைந்தது. உள்ளே கேட்பது குறையவில்லை. பவர் சப்ளைக்கு நிலைமை தெளிவாகத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நிற்கலாம். ஆனால் நல்ல கரண்ட் தீர்ந்துவிட்டது. இனிமேல் கொடுப்பது கோணல் கரண்ட். அது முதலில் மதர்போர்டைச் சுடும், பிறகு அதில் செருகியிருக்கும் எல்லாவற்றையும் சுடும். அந்தப் பென்டிரைவும் செருகித்தான் இருந்தது. பவர் சப்ளை இனத்தில் பலர் அப்படித்தான் பேரைக் காப்பாற்றிக்கொண்டு, வீட்டைக் கொளுத்திவிட்டுச் செத்திருக்கிறார்கள்.

“என்னால முடியல,” என்று பவர் சப்ளை எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னது. சொல்லிவிட்டுத் தன் நெஞ்சுக்குள் இருந்த மெல்லிய ஃப்யூஸ் கம்பியை அறுந்துபோக விட்டுவிட்டது.

பட்டென்று ஒரு சத்தம். திரை இருண்டது.

சந்தனமாரி கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. “அண்ணாச்சி, படம்?” என்றாள்.

தவசிலிங்கம் பென்டிரைவைப் பிடுங்கித் தன்னுடைய கம்ப்யூட்டரில் செருகினார். மயில் தோகை விரித்து நின்றது. எல்லாப் படங்களும் இருந்தன. அவர் முதல் வேலையாக அவற்றுக்கு ஒரு காப்பி எடுத்து வைத்தார். அதன்பிறகுதான் சந்தனமாரி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவர் தன் கம்ப்யூட்டரிலிருந்த பவர் சப்ளையைக் கழற்றிப் புதியதில் மாட்டிப் பார்த்தார். பிராசசர் ஓடியது. கார்டு ஓடியது. மதர்போர்டில் ஒரு சின்னக் கருகல்கூட இல்லை.

“நல்லவேளை, தன்னோட போச்சு,” என்றார்.

“அப்ப ரெடிமேடையே எடுத்துக்கிடவா?”

அவர் அட்டைப்பெட்டியைப் பார்த்தார். “எடுத்துக்கோ, தப்பில்ல. இந்த வருஷ வேலையை அது முடிச்சிரும். அடுத்த வருஷம் பெரிய படம்னு சொன்னே. அதுக்கு ஆகாது. அசெம்பிள் பண்ணுனதுல கோளாறு இல்ல மாரி, நான் சேத்த விதத்துலதான் கோளாறு. நல்ல பவர் சப்ளை தனியா போடணும். போட்டா உன் காசுக்கு மேல போகுது. எதையாச்சும் இறக்கணும்.”

‘நான் இல்லை, வேறு யாராவது’ என்று மேசைமேல் ஒவ்வொரு பாகமும் வேண்டிக்கொண்டது.

சந்தனமாரி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். “எங்க காலண்டர்ல சாமி எவ்வளவு பெரிசா இருந்தாலும் ஆணியிலதான் தொங்குது அண்ணாச்சி,” என்றாள். “அந்தக் கார்டைக் கழட்டிருங்க. பெரிய படம் வரும்போது வாங்கிக்கிடுறேன். கண்ணாடியும் வேண்டாம், தகரப் பெட்டி போதும். விளக்குப் பாக்கவா நான் உக்காரப் போறேன்?”

“கார்டு இல்லாம படம் கொஞ்சம் மெதுவாத்தான் திறக்கும்.”

“திறக்கும்ல? அது போதும்.”

தவசிலிங்கம் அலமாரியின் மேல்தட்டிலிருந்து வேறொரு பவர் சப்ளையை இறக்கினார். கனமானது. அலங்காரம் ஒன்றும் இல்லை. மறுபடி எல்லாவற்றையும் பூட்டி, மறுபடி முருகனைத் திறந்தார். முருகன் மெதுவாகத்தான் வந்தார். பக்கத்து அச்சகத்தில் மிஷினை நிறுத்தி மறுபடி ஓட்டினார்கள். டியூப்லைட் மங்கியது. மயிலின் ஒரு இறகுகூட அசையவில்லை.

“இதைத் தூக்கிக்கிட்டே போயிரலாமா?” என்று எழுந்தாள் சந்தனமாரி. அவளுக்கு இன்னும் பாதி ஆல்பம் பாக்கி இருந்தது.

மூடியைத் திருகுவதற்காகத் தவசிலிங்கம் திருப்புளியைத் தேடிக்கொண்டிருந்தார். கண்ணாடி கேபினெட்டும் கிராபிக்ஸ் கார்டும் பழைய அலமாரிக்கே திரும்பியிருந்தன. கருகிய பவர் சப்ளை பழைய இரும்புக்குப் போகும் பெட்டியில் கிடந்தது.

“பாத்தியாக்கா? சும்மா வந்த பய, நம்ம எல்லாரையும் கவுத்துட்டான்,” என்று அலமாரியிலிருந்து புலம்பியது கிராபிக்ஸ் கார்டு.

தகரப் பெட்டிக்குள்ளிருந்து மதர்போர்டு அந்த இரும்புப் பெட்டியை ஒருமுறை பார்த்தது.

“கவுத்தது அவன் இல்லடா. அவன் பங்கை நாமதான் தின்னோம்.”