மலையிலிருந்து வந்த முட்கள்

ஏரிக்கரை முழுவதும் வயலெலிகளின் வளைகள். கரை முடியும் இடத்தில் நாணல் காடு, அங்கே காட்டுப்பூனைகள். நெடுநாள் இரு கூட்டமும் அததன் இடத்தில் இருந்தன. ஒரு கோடையில் பூனைகள் கரையேறி வந்தன. இந்தக் கரை தங்கள் முப்பாட்டன் வெயில் காய்ந்த கரை என்றன. முதல் நாளே பதினோரு வளைகளைத் தோண்டிப் பிடித்துக்கொண்டன.

எலிகள் பெரும்பாலும் தப்பின. அவற்றின் பழைய வழக்கம்தான் காரணம். ஒவ்வொரு வளைக்கும் வாசல் ஒன்று, மறைவழி ஒன்று. மறைவழியின் வாயை மெல்லிய மண்ணால் பூசி வைத்திருக்கும். வெளியே தெரியாது. ஆபத்தென்றால் தலையால் ஒரு முட்டு. மண் உடையும், ஓடிவிடலாம்.

ஆனால் எத்தனை நாள் ஓடுவது? எலிகளின் தலைவி பொன்னுருவிக்கு அதுதான் கவலை. பிறந்து மூன்றே நாளான ஐந்து குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு ஓடியவள் அவள். நான்குதான் வந்து சேர்ந்தன.

அவள் மலைக்குப் போனாள். மலையில் முள்ளம்பன்றிகள் இருந்தன. அவற்றில் சடையாண்டி அவளுக்குப் பழக்கம். கிழங்கு தேடி ஏரிப்பக்கம் வரும்போதெல்லாம் அவள் வாசலில் நின்று ஊர்க்கதை பேசாமல் போகமாட்டான். நடந்ததைக் கேட்டதும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் கூட்டத்தை அழைத்துச் சொன்னான். முள்ளம்பன்றிகள் இளகிய மனம் கொண்டவை. வெளியே பார்த்தால்தான் தெரியாது. உதிர்ந்து கிடந்த முட்களையெல்லாம் பொறுக்கிக் கொடுத்தன. உதிராததையும் சில, உதறிக் கொடுத்தன.

எலிகள் அந்த முட்களை வாசலில் நட்டன, கூர் வெளியே பார்க்கும்படி. மறுநாள் காலை பூனைகளின் தலைவன் வரியன் வழக்கம்போல் ஒரு வளைக்குள் கையை விட்டான். அலறிக்கொண்டு மூன்று காலில் ஓடினான். கரையே சிரித்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மலையிலிருந்து முட்கள் வந்தன. பூனைகள் வரும், முட்கள் குத்தும், சில முட்கள் ஒடியும், ஒடிந்த இடத்தில் புதியது நிற்கும். முள் வந்ததால் சண்டை நடந்தது. சண்டை நடந்ததால் முள் வந்தது. சண்டை தொடங்கிய பின் பிறந்த குட்டிகள், உலகமே இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டன.

முட்களோடு ஒரு நிபந்தனையும் வந்தது. முள்ளை நாணல் காட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. பூனைகளின் கோபம் மலைமேல் திரும்பிவிடும் என்று பெரிய முள்ளம்பன்றிகள் சொல்லியனுப்பின. சொல்ல வந்தவன் சடையாண்டி. அவன் பொன்னுருவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"தோற்காத அளவுக்குத் தருவீங்க, ஜெயிக்கிற அளவுக்குத் தரமாட்டீங்க. அப்படித்தானே அண்ணே?" என்றாள் பொன்னுருவி.

"நான் என் முதுகைத் தரலாம் தங்கச்சி. மலையைத் தர என்னால முடியாது."

அவன் முதுகு பாதி வழுக்கையாகியிருந்தது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

இதற்கிடையில் பொன்னுருவி ஒரு தவறு செய்திருந்தாள். முள் இருக்கிற தைரியத்தில், இனி நாம் ஓடுகிற கூட்டம் இல்லை என்று சொல்லி, மறைவழிகளையெல்லாம் கெட்டிக் களிமண்ணால் அடைக்கச் செய்தாள். வளை தோண்டியவை எல்லாம் முள் சுமக்கப் போயின. மண்ணைத் தொடாத நகங்கள் நீண்டு வளைந்தன.

ஒரு பௌர்ணமிக்கு முட்கள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் சடையாண்டி மட்டும் வந்தான், வாயில் மூன்று முட்களோடு. மலையில் ஒரே வாக்குவாதம் என்றான். நம் பிள்ளைகளுக்கே முள் வேண்டுமென்று பாதிப் பேர். இரண்டு மடங்காகக் கொடுக்கவேண்டுமென்று மீதிப் பேர். பேச்சு முடியவில்லையாம். மழைக்குப் பிறகு மறுபடி கூடுவார்களாம். அவள் வைத்த கிழங்கை அவன் தொடவே இல்லை.

"எனக்கு வெட்கமா இருக்கு தங்கச்சி."

"உனக்கென்ன வெட்கம்? உங்க முள்ளாலதான் இன்னிக்கு உயிரோட இருக்கேன். அந்த முள்ளை நம்பி வீட்டை அடைச்சு வச்சது நான்."

உள்ளே, கண் திறக்காத புதுக் குட்டிகள் ஆறு. வாசலில் ஒடிந்த முட்கள் நான்கு. பின்னால் களிமண் சுவர்.

பொன்னுருவி உள்ளே போனாள். அந்தச் சுவரைத் தன் பல்லாலேயே கடித்துப் பெயர்த்தாள். மற்ற எலிகளையும் கூப்பிட்டாள். முள் சுமப்பவர்களில் மூத்தவன் கட்டையன் முணுமுணுத்தான்.

"அன்னிக்கு அடைன்னே, இன்னிக்கு உடைங்கிறே. உன் உத்தரவுக்கு என் பல்லு தாங்காது அக்கா."

"எலிப் பல்லு தேஞ்சா வளரும்டா. பூனை தின்ன குட்டி வளருமா?"

கட்டையன் குனிந்து கடித்தான்.

பழைய மறைவழிகளைத் திறந்ததோடு அவள் நிறுத்தவில்லை. வளைக்கும் வளைக்கும் நடுவே புதிதாய்ப் பாதை வெட்டச் சொன்னாள். சடையாண்டியும் மலைக்குத் திரும்பாமல் கூடவே தோண்டினான். அவன் ஒரு முறை வாரிய மண், பத்து எலிகள் வாரிய மண்ணுக்குச் சமம். அவன் கொண்டுவந்த மூன்று முட்களையும் அவள் வாசலில் வைக்கவில்லை. உள்ளே, பாதை திரும்புகிற இருட்டு மூலைகளில் நட்டாள்.

தோண்டத் தொடங்கிய ஐந்தாம் நாள் காலை பூனைகள் வந்தன. வாசலில் ஒடிந்து கிடந்த முட்களைத் தட்டிவிட்டு வரியன் தோண்டினான். அவன் நகத்தின் சத்தம் பொன்னுருவிக்குக் கேட்டது. குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி, பக்கத்து வளை வழியாக, அதற்கடுத்த வளை வழியாக, ஏழாவது வளைக்குக் கொண்டுபோனாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள். கடைசிக் குட்டியைத் தூக்கும்போது பூனையின் மூச்சு அவள் வாலில் பட்டது. அவள் மூலை திரும்பினாள். அவளைத் துரத்தித் தலையை நீட்டிய வரியனின் மூக்கில் முள் ஏறியது.

ஏழாவது வளையில் அவள் எண்ணிப் பார்த்தாள். ஆறு குட்டிகளும் இருந்தன.

பூனைகள் நான்கு நாள் தோண்டின. ஒரு வளையைத் தோண்டினால் எலி இன்னொன்றில் இருந்தது. ஒரு வால்கூடச் சிக்கவில்லை. பசித்த பூனைகள் ஒவ்வொன்றாக நாணலுக்குத் திரும்பின. கடைசியாகப் போன வரியன், வீங்கிய மூக்கோடு நின்று சொன்னான்.

"இனி நீ நாணல் பக்கம் வராதே. நானும் கரைப் பக்கம் வரமாட்டேன்."

"நான் எப்போ வந்தேன்?" என்றாள் பொன்னுருவி.

மழை முடிந்ததும் மலையில் பேச்சும் முடிந்தது. குவியல் குவியலாக முட்கள் வந்தன. மலையின் முட்களே கரையைக் காத்தன என்று பெரிய முள்ளம்பன்றிகள் பெருமையாகச் சொல்லியனுப்பியிருந்தன. பொன்னுருவி மறுத்துப் பேசவில்லை. மனதார நன்றி சொல்லி, முட்களை நனையாத இடத்தில் அடுக்கினாள். பிறகு நகத்தை மண்ணில் தேய்த்துக்கொண்டு, அடுத்த பாதையைத் தோண்டப் போனாள்.

நண்பர் கொடுக்கும் ஆயுதம் நாம் அழியாமலிருக்க அவகாசம் தரும். அந்த அவகாசத்தில் பிழைக்கும் வழியை நாமேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.