ஐந்து மில்லி

குறைமாதக் குழந்தைகள் வார்டில் தாய்மார்களுக்குப் பால் பீய்ச்சி எடுக்கச் சொல்லித்தருபவர் பிலோமினா சிஸ்டர். அவரிடம் பயிற்சிக்கு வந்தவள் ஹெலன்.

அன்று மேகலாவின் முறை. பிள்ளை பிறந்து நாலு நாள். ஒன்றேகால் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. மாலைக்குள் இருபது மில்லியாவது வராவிட்டால் பவுடர் பால்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சின்னக் குடல் அதைத் தாங்குமா என்று கேட்க மேகலாவுக்குப் பயம். கேட்கவில்லை.

ஹெலன் கண்ணும் கருத்துமாக இருந்தாள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாட்டிலைத் தூக்கிப் பார்த்து அளவை உரக்கச் சொன்னாள்.

"அஞ்சு மில்லி."

"அவ்வளவுதானா? எனக்கெல்லாம் ரவிக்கை நனைஞ்சு போகும்" என்றார் மேகலாவின் மாமியார்.

பக்கத்துக் கட்டில்காரியும் எட்டிப் பார்த்தாள். அதற்குப் பிறகு ஒரு சொட்டுகூட வரவில்லை.

ஹெலன் சிஸ்டரிடம் ஓடினாள்.

"மார்பு கல்லாட்டம் இருக்கு சிஸ்டர். புரோலாக்டின் பாலைச் சுரக்க வைக்கும், ஆக்ஸிடாசின் வெளியே தள்ளும்னு படிச்சேன். சுரந்த பால் ஏன் வரலை?"

சிஸ்டர் ஒரு சின்ன டப்பாவை நீட்டினார்.

"சிறுநீர் பிடிச்சுக் குடு."

"நானா? எதுக்கு?"

"குடும்மா."

ஹெலன் கழிவறைக்குள் போனாள். சிஸ்டர் கதவைச் சாத்தவிடவில்லை. இரண்டு நர்ஸ்களைக் கூப்பிட்டு வாசலில் நிறுத்தினார்.

"எத்தனை மில்லி?"

"இன்னும் வரலை சிஸ்டர்."

"காலையிலேர்ந்து தண்ணியே குடிக்கலையோ?" என்றாள் ஒரு நர்ஸ்.

"எங்க அக்காவுக்கு உடனே வந்துடும்" என்றாள் இன்னொருத்தி.

"எல்லாரும் பாத்துக்கிட்டு நின்னா எப்படி வரும்!"

ஹெலன் தான் சொன்னதையே இன்னொரு முறை முணுமுணுத்துப் பார்த்தாள். டப்பாவை வைத்துவிட்டு வார்டுக்குத் திரும்பினாள்.

மாமியாரைக் காபி குடிக்க அனுப்பினாள். திரையை இழுத்துவிட்டாள். பாட்டிலைச் சுற்றித் துணி கட்டினாள். பிள்ளை போட்டிருந்த குல்லாவைக் கேட்டு வாங்கி வந்து மேகலாவின் மடியில் வைத்தாள். மேகலா அதை முகர்ந்தாள். கொஞ்சம் அழுதாள். பிறகு பீய்ச்ச ஆரம்பித்தாள்.

அரைமணி கழித்துத் துணியை அவிழ்த்தபோது இருபத்திரண்டு மில்லி இருந்தது. பிள்ளைக்கு அதையே கொடுத்தார்கள்.

ஷிஃப்ட் முடிந்ததும் ஹெலன் கேட்டாள்.

"இதைப் பரீட்சையில கேட்டா என்ன சிஸ்டர் எழுத?"

சிஸ்டர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"ஆக்ஸிடாசின்னு எழுது, மார்க் உண்டு. ஆளைக் கண்டா அது கூச்சப்படும்னு எழுதிடாதே. பேப்பர் திருத்துறவர் பால் குடுத்திருக்க மாட்டார்."