முதலாளி வைத்த பொட்டு

கார் வருமுன்னே அதன் தடதட சத்தம் கடைத்தெருவுக்கு வந்துவிடும் காலம் அது. ஊருக்கே ஒரே டீசல் கார், ரைஸ்மில் முதலாளி ஆளவந்தாருடையது. ஒரு ஆயுதபூஜைக்கு மறுவாரம், ஆயில் முழுக்க ஒழுகி, நடுவழியில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது.

பட்டறையில் கூட்டம் கூடியிருக்க, முதலாளி டிரைவர் வெள்ளைக்கண்ணு மேல் பாய்ந்தார்.

"ஆயில் குறைஞ்சா சிவப்பு விளக்கு எரியுமே, கண்ணு எங்கடா போச்சு? எஞ்சினைச் சரிபண்ணப் போறதில்ல, மாத்தப் போறேன். கூடவே உன்னையும்!"

"மாத்துங்க முதலாளி. அதுக்கு முன்னாடி உங்க கையால சாவியை ஒருதரம் திருப்புங்க. இப்பவும் அந்த விளக்கு எரியணும்."

திருப்பினார். ஒன்றும் தெரியவில்லை.

"விளக்கையும் கெடுத்து வச்சிருக்கான் பாரு!"

வெள்ளைக்கண்ணு தோள்துண்டை எடுத்து, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மீட்டர் கண்ணாடி மேல் பூஜையன்று முதலாளியே வைத்த சந்தனப் பொட்டைத் துடைத்தான். அடியில் விளக்கு செக்கச்செவேலென்று எரிந்துகொண்டிருந்தது.

"அன்னிக்கே சொன்னேன், சாமி காரியத்துல வாயைத் திறக்காதேன்னீங்க. எஞ்சினை மாத்தினாலும் என்னை மாத்தினாலும், பொட்டு இடம் மாறலைன்னா புதுசும் இப்படித்தான் நிக்கும்."

பழைய எஞ்சினையே சரிபண்ணினார்கள். அந்தத் தடதட சத்தம் இன்னும் பல வருஷம் கடைத்தெருவில் கேட்டது. ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு காரருகே நின்று கேட்பார்:

"வெள்ளைக்கண்ணு, பொட்டை எங்கேப்பா வைக்கலாம்?"