டைரக்டா கொடுத்துடு

"மேஸ்திரியம்மா, நான் எப்பத்தான் தனியா வேலைக்குப் போறது?"

கேட்டவர் வியாகப்பன். வயது ஐம்பத்திரண்டு. முப்பது வருஷம் கடலுக்குப் போன மனுஷன். இடுப்பு போனதும் கரை ஒதுங்கி, ஒயரிங் கற்றுக்கொள்ள ஜெசிந்தாவிடம் வந்து சேர்ந்தார்.

ஜெசிந்தாவுக்கு முப்பத்தொன்று. வாயைத் திறந்தால் வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. அதனாலென்ன? அவளை விட்டால் இந்த வயசாளிக்குத் தொழில் சொல்லிக்கொடுக்க அந்த ஊரில் நாதியில்லை.

"இன்னைக்கே போங்க அண்ணாச்சி. தொபியாஸ் மாமா வீட்டுல ட்ரிப்பர் நிக்க மாட்டேங்குதாம். அதைத் தூக்கிட்டு டைரக்டா கொடுத்துட்டு வந்துடுங்க."

வியாகப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ட்ரிப்பரைத் தூக்கவா? நீங்களா சொல்றீங்க?"

"நாளைக்கு அவர் மகளுக்கு நிச்சயம். எங்க அம்மாகூடப் பிறந்தவரு. போங்க."

சொல்லிவிட்டு அவள் ஒயர்ச் சுருளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

தொபியாஸ் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். ஐப்பசி மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. சுவரெல்லாம் வேர்த்து வழிந்தது.

ஈரத்தில் கரண்ட் கசிந்தால் பட்டென்று விழுந்து ஆளைக் காப்பாற்றுகிற சுவிட்ச்தான் ட்ரிப்பர்; அதைத் தூக்கிவிட்டு டைரக்டாகக் கொடுத்தால் அந்தக் காவல் இல்லை. காலையிலிருந்து பதினோரு தடவை விழுந்திருந்தது. பாவம், அது தன் வேலையைத்தான் பார்த்தது. திட்டு வாங்கியதும் அதுதான்.

"வே வியாகப்பா, உம்ம மேஸ்திரியே சொல்லிட்டா. சட்டுபுட்டுன்னு முடியும்," என்றார் தொபியாஸ்.

வியாகப்பன் முடிக்கவில்லை. ஒவ்வொரு லைனாகப் போட்டுப் பார்த்தார். கொல்லைப்புற லைனைப் போட்டால் மட்டும் ட்ரிப்பர் விழுந்தது.

மெயினை அணைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனார். துவைக்கிற கல்லுக்கு மேலே, சுவரில், மோட்டாருக்கான பிளக் பெட்டி. திறந்தார். உள்ளே தண்ணீர் முத்துமுத்தாக நின்றது. செம்புக் கம்பியில் பச்சை பூத்திருந்தது.

பக்கத்திலேயே நாலு பெண்கள் வெறுங்காலோடு நின்று அண்டா கழுவிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தி வாயும் வயிறுமாக இருந்தாள். கழுவிய அண்டாவை நகர்த்த, ஈரக் கையை அந்தச் சுவரில்தான் ஊன்றினாள்.

வியாகப்பன் பெட்டியை மூடிவிட்டு உள்ளே வந்தார்.

கொல்லை லைனை மட்டும் கழற்றி ஒதுக்கினார். மெயினைப் போட்டார். வீடு முழுக்க வெளிச்சம். ட்ரிப்பர் அசையவில்லை.

"கொல்லைக்குக் கரண்ட் கிடையாது முதலாளி. ஈரம் காயட்டும். புதுப் பெட்டி மாத்தி, தண்ணி இறங்காத இடமாப் பார்த்து வைப்போம். அப்புறம் தர்றேன்."

"மோட்டார் ஓடாம பந்திக்குத் தண்ணி? உம்ம அப்பனா கொண்டாந்து ஊத்துவான்?"

"எங்கப்பன் செத்துப் பத்து வருஷம் ஆச்சு. நான் சுமந்து ஊத்துறேன்."

"இடுப்பு ஒடிஞ்ச பய, பேச்சைப் பாரு!"

தொபியாஸ் ஜெசிந்தாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரைத் தட்டி, வியாகப்பன் மூஞ்சிக்கு நேரே நீட்டினார்.

"அண்ணாச்சி, நான் என்ன சொல்லி அனுப்பினேன்?"

"டைரக்டா கொடுக்கச் சொன்னீங்க."

"கொடுங்க."

"மாட்டேன்."

"சொல்றது நான்."

"யார் சொன்னாலும் மாட்டேன்."

"அப்ப நாளையிலிருந்து என்கிட்ட வேலைக்கு வராதீங்க."

வியாகப்பனுக்கு ஐம்பத்திரண்டு வயது. கடலும் இல்லை. இனி இதுவும் இல்லை. கொல்லையில் அண்டாக்கள் மோதும் சத்தம் கேட்டது.

"வரலை," என்றார். குரல் அவரையும் மீறி உயர்ந்தது. "சோத்துக்குச் சிங்கி அடிச்சாலும் அடிப்பேன், இந்தக் கையால அதைச் செய்ய மாட்டேன். அவர் உங்களுக்கு மாமனா இருக்கலாம் மேஸ்திரியம்மா. ஈரத்துக்கு மாமன் மச்சான் தெரியாது!"

தொபியாஸ் போனைத் தன் பக்கம் திருப்பினார்.

"கேட்டியா, இவன் திமிரை?" என்றார் தொபியாஸ். "நீயே இப்பப் புறப்பட்டு வா."

"நான் எதுக்கு மாமா? மேஸ்திரி சொல்றபடி கேளுங்க."

"எந்த மேஸ்திரி?"

"உங்க முன்னால நிக்கிறாரே, அவருதான்."