மூன்று ராஜாக்களும் வெற்று இலையும்

கதை கேட்க வந்திருக்கும் பெரியவர்களே, பிள்ளைகளே, எல்லோரும் சாப்பிட்டாயிற்றா? ஆயிற்று என்றால் சரி. வெறும் வயிற்றோடு இந்தக் கதையைக் கேட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

வெகு வெகு காலத்துக்கு முன்னே நெல்நாடு, கடல்நாடு, மலைநாடு என்று மூன்று நாடுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நெல்நாட்டில் அரிசி தின்று கொழுத்த எலிகள் பூனைகளைத் துரத்தின. கடல்நாட்டில் கருவாடு தின்று கொழுத்த நாரைகள் பறக்க முடியாமல் நடந்தே போயின. மலைநாட்டில் மட்டும் இரண்டு வருடமாக மழை இல்லை. தினை கருகியது, வரகு கருகியது, கடைசியில் காட்டுக்கிழங்கும் தீர்ந்தது.

பக்கத்து நாட்டில் அரிசி குவிந்து கிடக்க, மலைநாடு ஏன் பட்டினி கிடந்தது என்றுதானே கேட்கிறீர்கள்? அந்தக் கூத்தையும் கேளுங்கள். மூன்று நாட்டுக்கும் ஒரே சட்டம். அயலாரிடம் கேட்பது மானக்கேடு. அயலார் கேட்காமல் கொடுப்பது அவமதிப்பு, கொடுத்தவர் தலை போய்விடும். கேட்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது! இதை எழுதிய புத்திசாலி நிச்சயம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுதியிருப்பான்.

மூன்று நாடும் சந்திக்கும் இடத்தில், யாருக்கும் சொந்தமில்லாத மண்ணில், ஒரு சத்திரம் இருந்தது. அங்கே சமைத்தவள் கொற்றி. அவள் மகளை மலைநாட்டில் கட்டிக் கொடுத்திருந்தாள். மகளுக்கு மூன்று மாதக் கைக்குழந்தை. "அம்மா, எனக்குப் பால் வற்றிப் போச்சு" என்று மகள் சொல்லி அனுப்பியிருந்தாள். இன்னும் பத்து நாளில் பனி இறங்கினால் மலைப்பாதை அடைபட்டுவிடும். அதற்குள் அரிசி மேலே போயாக வேண்டும். கொற்றி அழுதாள். அழுதுகொண்டே அடுப்பை மூட்டினாள், வேறென்ன செய்வாள்?

அப்போதுதான் மூன்று ராஜாக்களும் அந்தச் சத்திரத்தில் மாநாடு கூட்டினார்கள். பசியை ஒழிக்கும் மாநாடாம்! நெல்நாட்டு ராஜா பொன்விளைந்தான் வந்தார், அவருக்கு முன்னால் அவர் தொந்தி வந்தது. கடல்நாட்டு ராஜா அலைவாயன் வந்தார். மலைநாட்டு ராஜா குன்றாடன் வந்தார், இடுப்பில் நழுவும் பட்டு வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே வந்தார்.

முதல் நாள், யார் கிழக்குப் பார்த்து உட்காருவது என்று பேசினார்கள். இரண்டாம் நாளும் அதையே பேசினார்கள். மூன்றாம் நாள் மூவருமே கிழக்குப் பார்த்து உட்கார்ந்து, ஒருவர் முதுகோடு ஒருவர் பேசினார்கள்.

"எங்கயோ பசி இருக்குன்னு கேள்வி" என்றார் பொன்விளைந்தான்.

"எங்க ஊர்ல ஒண்ணும் குறையில்ல. எங்க சனங்க கொஞ்சம் மெலிஞ்சு, பார்க்க அழகா இருக்காங்க" என்றார் குன்றாடன். கேட்டுவிடலாம் என்று வாய் திறப்பார், மானம் வந்து வாயை மூடும்.

மாநாடு முடிந்து விருந்து. தங்கள் தங்கள் சாப்பாட்டுக்கென்று நெல்நாட்டார் அரிசியும் கடல்நாட்டார் கருவாடும் கொண்டு வந்திருந்தார்கள். மலைநாட்டார் அரண்மனையில் மிஞ்சியிருந்த ஒரே ஒரு குடம் தேனைக் கொண்டு வந்திருந்தார்கள். "ஒருவர் பொருள் ஒருவருக்குப் போகக் கூடாது! மகாராஜாக்கள் இருக்கும் இடமெல்லாம் சட்டமும் இருக்கும்!" என்று கட்டியக்காரன் கத்தினான். கொற்றி பணிவாகத் தலையாட்டிவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்தே சமைத்தாள்.

பந்தி போட்டாயிற்று. மூன்று தலைவாழை இலை, மூன்று ராஜா. கொற்றி ஆவி பறக்கும் சோற்றோடு வந்தாள். இலை முன்னால் நின்றாள். மூவரும் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்கள். அவள் சோற்றோடு திரும்பிப் போனாள்.

பிறகு கருவாட்டுக் குழம்போடு வந்தாள். மணத்தில் தூணுக்கே எச்சில் ஊறியது. நின்றாள், திரும்பிப் போனாள்.

"என்னம்மா, பரிமாற மாட்டியா?" என்று அலைவாயன் சீறினார்.

"போடுன்னு கேளுங்க சாமி, போடுறேன். நான் உங்க யாருக்கும் சொந்தக்காரி இல்ல, அயலாள். கேக்காம போட்டா அவமதிப்பு, என் தல போயிடும். இது உங்க சட்டம்தானே?"

ராஜாக்கள் விழித்தார்கள். கேட்டால் மானம் போகும், கேட்காவிட்டால் சோறு போகும். பொன்விளைந்தானின் வயிறு சிங்கம் போல உறுமியது. அலைவாயனின் வயிறு பதில் உறுமல் போட்டது. குன்றாடனின் வயிறு மட்டும் பேசவில்லை. அது பட்டினிக்குப் பழகிப் போயிருந்தது.

மூன்றாம் முறை கொற்றி பாயசத்தோடு வந்தாள். நெல்நாட்டு அரிசி, மலைநாட்டுத் தேன், நெய்யில் மிதக்கும் முந்திரி. நின்றாள். திரும்பினாள். ஓரடி வைத்தாள்.

"ஐயோ, போகாத தாயே! அந்தத் தேன் பாயசத்துல கொஞ்சம் போடு!" என்று அலறினார் பொன்விளைந்தான்.

வானம் இடியவில்லை. மானம் போகவில்லை. கிரீடம் மட்டும் லேசாக நழுவி மூக்கில் நின்றது.

"தேன் மலைநாட்டு ராசாவோடது. அவருதான் போடணும்" என்று கொற்றி கரண்டியைக் குன்றாடனிடம் நீட்டினாள். குன்றாடன் எழுந்து இலை நிறைய ஊற்றினார். பொன்விளைந்தான் கிரீடத்தைக் கழற்றித் தொடையில் வைத்துவிட்டு, வழித்து வழித்துக் குடித்தார்.

"அண்ணே, கேட்டீங்களே, உங்க மானம் போச்சா?" என்றார் குன்றாடன்.

"மானமா? இன்னொரு கரண்டி ஊத்துப்பா!"

குன்றாடன் சிரித்தார். சிரிப்பு அப்படியே அழுகையானது. "அண்ணே, அப்போ நானும் கேக்கறேன். எங்க சனங்க அழகா மெலியல, பசியில சாகறாங்க. எங்களுக்குச் சோறு போடுங்க."

பாயசக் கையோடு பொன்விளைந்தான் துள்ளி எழுந்தார். "பூட்டுங்கடா வண்டிய!" என்று கத்திய சத்தத்தில் நெல்நாட்டுக் களஞ்சிய எலிகள் எல்லாம் பூனைகளுக்குப் பின்னால் ஒளிந்தன. அலைவாயன் கருவாட்டு மூட்டைகளை ஏற்றச் சொன்னார். பனி இறங்குவதற்கு இரண்டு நாள் முன்பே அரிசி மலையேறியது. முதல் வண்டியின் மூட்டை மேல் யார் உட்கார்ந்திருந்தது? கொற்றிதான், பேரனைக் கொஞ்சப் போனாள்.

போகுமுன் அவள் ராஜாக்களிடம் ஒன்று சொன்னாள். "எல்லாரும் தேனுக்கு மயங்கிக் கேக்க மாட்டாங்க சாமி. எங்க மாதிரி சனங்க பந்தியில எல போட்டு உக்காந்தா போதும், கேக்காமலே சோறு வரும். எல்லையிலயும் அப்படியே வெச்சுக்குங்க."

அன்றோடு பழைய சட்டம் அடுப்புக்குப் போனது. பசி வந்த நாடு எல்லையில் ஒரு வெற்று இலையை விரிக்கும். அதைப் பார்த்ததும் மற்ற இரண்டு நாடும் வண்டி கட்டும். அடுத்த வருடம் புயல் அடித்தது, கடல்நாடு இலை விரித்தது. அதற்கடுத்த வருடம் வெள்ளம் வந்து நெல்நாடே மூழ்கியது. பொன்விளைந்தான் விரித்த இலை எவ்வளவு பெரிது தெரியுமா? ஆயிரம் இலைகளைச் சேர்த்துத் தைத்தது! மலைநாட்டுத் தினையும் கடல்நாட்டு மீனும் வந்து அதை நிறைத்தன. ஓரத்தில் ஒரு குடம் தேனும் இருந்தது. அதை யாரும் கேட்கவே இல்லை, தானாகவே வந்தது.

ஆகையால் பிள்ளைகளே, பசித்தவர் வாய் திறந்து கேட்கும்வரை காத்திராமல், அவருடைய வெற்று இலையைப் பார்த்தவுடனே அயலார் எல்லோரும் கூடிப் பரிமாற வேண்டும்.