செருப்புக் கதையை மறந்த ஊர்

ஆனைக்குழியில் மாவு மில் ஒன்றே ஒன்றுதான். அதை ஓட்டுகிறவன் பவுன்ராசு. காலையில் அரிசி, பதினொரு மணிக்கு மேல் மிளகாய், சாயங்காலம் கோதுமை. இந்த மூன்றுக்கும் நடுவில் கிடைக்கிற நேரத்தில் சிறுகதை.

இதுவரை பதினான்கு கதை எழுதிப் பட்டணத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பியிருந்தான். பதினான்கும், மேயப்போன மாடு தொழுவத்துக்குத் திரும்புகிற மாதிரி, தவறாமல் வீடு வந்து சேர்ந்தன. ஒன்பதாவது கதை மிளகாய் அரைத்த கையைக் கழுவாமல் எழுதியது. அதைத் திருப்பி அனுப்பிய ஆசிரியர், 'கவரைப் பிரித்ததிலிருந்து கண்ணீர் நிற்கவில்லை, தும்மலும் வருகிறது' என்று ஒரு வரி எழுதியிருந்தார். பவுன்ராசு அந்தக் கடிதத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டான். படித்தவர்களை அழவைத்த எழுத்தாளர்கள் உண்டு. தும்மவும் வைத்தவன் யார் இருக்கிறான்?

அவன் பெண்டாட்டி செல்லக்கனி நல்லபடியாகத்தான் சொன்னாள்.

"இங்க பாருங்க, பதினஞ்சாவது கதையும் திரும்பி வந்துதுன்னா ஒங்க பேனாவ மிஷின்ல போட்டு அரைச்சிருவேன். அதுக்குப் பெறகு கதையாவது கத்திரிக்காயாவது!"

அவள் சொன்னால் செய்கிறவள். போன வருஷம் அவனுடைய சீட்டுக்கட்டை அப்படித்தான் அரைத்தாள். அடுத்த நாள் ரெண்டு வீட்டுப் புட்டில் ராஜா தலை இருந்ததாகப் பேச்சு.

அதனால் பதினைந்தாவது கதையை உயிரைக் கொடுத்து எழுதினான். கல்யாண வீட்டில் செருப்பைத் தொலைத்த ஒருத்தன் வேறு யாருடையதையோ மாட்டிக்கொண்டு கிளம்புகிறான். அந்தச் செருப்பு பழக்க தோஷத்தில் அவனைத் தன் முதலாளி வீட்டுக்கே நடத்திக்கொண்டு போய்விடுகிறது. இதுதான் கதை. எழுதி முடித்த கையோடு கூட்டாளிகள் ரெண்டு பேருக்கும் வாசித்துக் காட்டினான். ஒருவர் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிற ஆவுடையப்பன், மூவரில் மூத்தவர். இன்னொருவன் தேங்காய் உரிக்கிற வெயிலுமுத்து. ரெண்டு பேரும் கேட்டுவிட்டு முதல் வேலையாகத் தங்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் ஒரு மாதப் பத்திரிகையில் சிறுகதைப் போட்டி அறிவிப்பு வந்தது. பவுன்ராசு விதிகளை விரல் வைத்து வாசித்தான்.

'கதை எட்டுப் பக்கத்துக்கு மிகக் கூடாது. இதுவரை எவரும் அறியாத புத்தம்புதுக் கதையாக இருக்க வேண்டும். அப்படியே உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட்டு இணைக்கவும். மீறினால் கதை திருப்பி அனுப்பப்படும்.'

பவுன்ராசு கூட்டாளிகளிடம் ஓடினான். "போச்சு! ஒங்க ரெண்டு பேருக்கும் தெரியுமே!"

"இதுக்கா மொகத்த இப்படி வச்சிருக்க?" என்றார் ஆவுடையப்பன். "நாங்க மறந்துட்டாப் போச்சு. கூட்டாளிக்கு இதுகூடச் செய்யலன்னா எப்படில?"

"மறந்துருவீங்களா அண்ணாச்சி?"

"ஏலே, காத்தடிக்கிற பம்பை எங்க வச்சேன்னு தெனமும் மறக்கேன். ஒன் கதை என்ன, பம்பை விடப் பெருசா?"

கதை போய்ச் சேர வேண்டிய மாசக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது. மறுநாள் காலையில் ரெண்டு பேரும் மில்லுக்கு வந்து நின்றார்கள்.

"மறந்தாச்சா?" என்றான் பவுன்ராசு.

"சுத்தமா மறந்துட்டேன்" என்றான் வெயிலுமுத்து.

"எதை மறந்த?"

"அந்தச் செருப்புக் கதையத்தான்."

"அப்ப மறக்கலய வே!"

வெயிலுமுத்து யோசித்தான். "சரி, செருப்பு மட்டும் பாக்கி இருக்கு. மத்ததெல்லாம் போயிருச்சு."

"அதெப்படி நம்புறது?" என்றார் ஆவுடையப்பன். "மொதல்ல இருந்து சொல்லிப் பாரு. எந்த எடம் மனசுல நிக்குதோ, அதுதான் நீ இன்னும் மறக்காத எடம். அத மட்டும் தனியா மறந்துக்கிடலாம்."

ஞாயமாகத்தான் பட்டது. வெயிலுமுத்து ஆரம்பித்தான். மில்லில் மிஷின் ஓடும்போது பக்கத்தில் இருப்பவன் பேசுவதே கேட்காது. அதனால் தொண்டை நரம்பு புடைக்கக் கத்திச் சொன்னான். கல்யாண வீடு நின்றது. பந்தி நின்றது. செருப்பு வாய்க்காலைத் தாண்டிய இடமும் நின்றது. பவுன்ராசு வைக்காத ஒரு நாயும் வந்து நின்றது.

"முழுசா இருக்குடே" என்றார் ஆவுடையப்பன் கவலையோடு. "நீ போயி மறந்துட்டு நாளைக்கு வா. இப்ப என்னையச் சோதிச்சுப் பாருங்க." அவரும் முதலில் இருந்து கத்தினார்.

இப்படி மூன்று நாள் சோதனை நடந்தது. நாலாம் நாள், மாவுக்குக் காத்திருந்த ஒரு அம்மாள் வெயிலுமுத்துவைத் திருத்தினாள்.

"ஏ தம்பி, வாய்க்கால் தாண்டுனது பந்திக்குப் பெறகுதான? நேத்து அப்படித்தான சொன்ன?"

பவுன்ராசு மிஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். வரிசையில் பதினொரு பேர். பதினொரு பேரும் ஆமா என்று தலையாட்டினார்கள்.

ஆவுடையப்பன் தளரவில்லை. "பதினோரு பேர்தான? வீடு வீடாப் போயி மறக்கச் சொல்லிட்டாப் போச்சு."

வெயிலுமுத்து கிளம்பினான். எந்தப் பதினொரு பேர் என்று குறித்து வைக்காததால் எல்லா வீட்டுக்கும் போனான். வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டான்.

"ஒங்களக் கெஞ்சிக் கேக்கேன், அந்தச் செருப்புக் கதைய மட்டும் மறந்துருங்க."

"எந்தச் செருப்புக் கதைப்பா?"

எதை மறக்க வேண்டும் என்று தெரியாமல் பாவம் அவர்கள் எப்படி மறப்பார்கள்? வெயிலுமுத்து நின்று நிதானமாக முழுக் கதையும் சொல்லி, "இதத்தான் மறக்கணும்" என்று முடித்தான். சிலர் மோர் கொடுத்து ரெண்டாம் தடவை சொல்லச் சொன்னார்கள். சாயங்காலத்துக்குள் ஊரில் கதை தெரியாத ஆள் இல்லை. கல்யாணத்துக்குப் போனவர்களெல்லாம் வெறுங்காலோடு போனார்கள்.

மாசக் கடைசிக்கு ரெண்டே நாள். பவுன்ராசு பேனாவைச் சட்டைப்பையில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"வேற கதை எழுதுதேன்" என்றான். "யார்ட்டயும் வாசிக்க மாட்டேன். ஒங்ககிட்டயும்தான்."

கோதுமை சலித்துக்கொண்டிருந்த செல்லக்கனி நிமிர்ந்தாள். "எழுதுனா ஒங்களுக்குத் தெரிஞ்சிருமே?"

ஆவுடையப்பன் போட்டி விதிகளை எடுத்து மறுபடி வாசித்தார். 

"எவரும் அறியாததுன்னுதான் போட்டிருக்கு" என்றார் ஆவுடையப்பன் மெதுவாக. "பவுன்ராசு, நீ ஒரு ஆள்தான?"

"ஆள்தான் அண்ணாச்சி. ரேஷன் கார்டுல பேர் இருக்கே."

"அப்ப ஒனக்கும் தெரியக் கூடாது."

"எனக்குத் தெரியாம எப்படி அண்ணாச்சி எழுதுறது?"

"எழுதுனாத்தான தெரியும்? எழுதாம அனுப்பு."

புதுத் தாள் வாங்கி வந்தார்கள். ஒவ்வொன்றிலும் மேலே பக்க எண் மட்டும் போட்டான் பவுன்ராசு. அடுக்கி எண்ணினால் ஒன்பது பக்கம் வந்துவிட்டது.

"ஒரு பக்கம் கூடிருச்சு" என்றான்.

வெயிலுமுத்து எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தான். "ஆறாம் பக்கத்த எடுத்துரு வே. அதுல ஒண்ணும் பெருசா நடக்கல."

எழுதினவனுக்கு எந்தப் பக்கத்தை எடுத்தாலும் மனசு வலிக்கத்தான் செய்யும். இருந்தாலும் எடுத்தான். பிறகு உறுதிமொழி எழுதினான். 'இந்தக் கதையை எவரும் அறியார், எழுதியவன் உட்பட. இப்படிக்கு, பவுன்ராசு.' கவரை ஒட்டினார்கள். தபாலில் சேர்த்துவிட்டு வரும்போது, கதையின் முடிவு என்னவாக இருக்கும் என்று மூவருக்கும் ஒரே யோசனை.

ஒரு மாசம் கழித்துக் கவர் வந்தது. தபால்காரர் நீட்டியதும் கனத்தைப் பார்த்தே கதை திரும்பிவிட்டது என்று பவுன்ராசுவுக்குத் தெரிந்துவிட்டது. செல்லக்கனி அவன் பையிலிருந்த பேனாவை உருவிக்கொண்டு மிஷின் பக்கம் போனாள். பெல்ட்டை மாட்டினாள்.

"ஒரு நிமிஷம் பொறும்மா" என்றார் ஆவுடையப்பன். "திரும்பி வந்தது கதைதானான்னு மொதல்ல பிரிச்சுப் பாரு."

அவள் கவரை வாங்கிப் பிரித்தாள். எட்டுத் தாள். ஒவ்வொன்றையும் முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். கவரைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினாள். ஒன்றும் விழவில்லை.

"இதுல கதையே இல்லையே!" என்றாள். "வெறும் தாள மட்டும் திருப்பி அனுப்பியிருக்காங்க!"

"அப்ப கதை?" என்றான் பவுன்ராசு.

"கதைய அவங்களே வச்சுக்கிட்டாங்க!" என்றாள் செல்லக்கனி.

வெயிலுமுத்து உரித்துக்கொண்டிருந்த தேங்காயைப் போட்டுவிட்டு பவுன்ராசுவைக் கட்டிப்பிடித்தான். ஆவுடையப்பன் வாசலுக்குப் போய், பதினைந்தாவது கதை திரும்பி வரவில்லை என்று தெருவுக்கே அறிவித்தார். செல்லக்கனி பேனாவை முந்தானையால் துடைத்துப் புருஷன் கையில் கொடுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை அப்படி ஒரு மரியாதையோடு பார்த்ததில்லை.

அன்றைக்கே ஆசிரியருக்கு ஒரு கடிதம் போட்டார்கள். பவுன்ராசு எழுத, மற்ற மூவரும் சொன்னார்கள்.

'அன்புள்ள ஆசிரியர் ஐயா, கதையை வைத்துக்கொண்டதற்கு மிக்க நன்றி. தாளைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பியதற்கும் நன்றி. எங்களுக்கு ஒரே ஒரு குறை. ஊரில் எல்லோரும் கதை என்ன என்று கேட்கிறார்கள். அதைப் படித்தவர் தாங்கள் ஒருவர்தான். தயவுசெய்து கதையை எங்களுக்கும் சொல்லி அனுப்பவும். வேறு யாரிடமும் சொல்ல மாட்டோம்.'