அணியம் திருப்பாத பவளாயி

கடலுக்குள் நீண்டு நிற்கிற ஒரு நிலமுனையிலே, காலையில் ஒரு பக்கம் சூரியன் முளைப்பதையும் மாலையில் மறுபக்கம் முழுகுவதையும் வாசலில் நின்றபடியே பார்க்கக்கூடிய ஓர் ஊர் இருந்ததாம். அந்த ஊரிலே சேந்தன் என்று ஓர் இளைஞன் இருந்தானாம். அவனுக்கு அக்காள் ஒருத்தி, பவளாயி என்று பேர். அக்காள் கப்பல் ஓட்டினாள், தம்பி நட்சத்திரம் பார்த்து வழி சொன்னான். தாய் தகப்பன் இல்லாத அந்த இரண்டு பேருக்கும் அதுவே போதுமாயிருந்தது.

ஒரு நாள் அந்த ஊர் ராசா, சபையிலே எல்லோரையும் பார்த்து, "சூரியன் முழுகுற கடலுக்கு அப்பாலே என்ன இருக்கு?" என்று கேட்டார். ஓரம் இருக்கிறது, ஓரத்துக்கு அப்பால் பாழ் இருக்கிறது என்று பெரியவர்கள் எல்லோரும் சொன்னார்கள். சேந்தன் மட்டும் எழுந்து நின்றான்.

"ஓரமே கிடையாதுங்க ராசா. பூமி எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கு. மேற்கே போய்க்கிட்டே இருந்தா, கிழக்கு வாசல் வழியா வீட்டுக்கு வந்துடலாம்."

சபை சிரித்தது. ராசா சிரிக்கவில்லை.

"என் பாட்டன், முப்பாட்டன் எல்லாரும் ஓரம் உண்டுன்னு சொன்னவங்க. அவங்க பொய் சொன்னாங்களா?"

"பொய் சொல்லலே ராசா. தெரியாமச் சொன்னாங்க."

அந்த ஒரு சொல்தான் ராசாவைச் சுட்டுவிட்டது. உடனே சேந்தனைப் பிடித்துச் சிறையில் போடச் சொன்னார். "பதின்மூணாம் பௌர்ணமி வரைக்கும் உனக்குத் தவணை. அதுக்குள்ளே யாராவது மேற்கே போய்க் கிழக்கே வந்து காட்டட்டும். வராட்டி உன் தலை உனக்கில்லே" என்றார்.

செய்தி கேட்ட பவளாயி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே சபைக்கு வந்தாள்.

"நான் போயிட்டு வரேன், ராசா."

"போ. ஆனா ஒண்ணு. எங்கேயாவது தீவுக்குப் பின்னாலே பதுங்கியிருந்துட்டு, சுத்திக்கிட்டு வந்து கிழக்கே நின்னா எனக்கு எப்படித் தெரியும்? வழியிலே கரை மறிச்சா வடக்கே திருப்பு, தெற்கே திருப்பு. அணியம் ஒரு தரம்கூடக் கிழக்கே திரும்பக் கூடாது. திரும்பினா அத்தோட உன் தம்பி போனான்."

அணியம் என்றால் கப்பலின் மூக்கு. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு முன்னே போகிற பகுதி. பவளாயி எரிகிற கற்பூரத்தைக் கையில் ஏந்தி, அணியத்தைக் கிழக்கே திருப்ப மாட்டேன் என்று சத்தியம் செய்தாள். அப்புறம் பதினொரு துடுப்புக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, சூரியன் போகிற திசையிலே பாய் விரித்துப் போனாள்.

இனிமேல்தான் கவனமாகக் கேட்க வேண்டும். அவள் புறப்பட்ட அன்றைக்கு ஊரிலே முனையம்மன் திருவிழா. கோயில் காரியக்காரர் சிங்காரம் என்பவர் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அரண்மனைக்கு ஓடி வந்தார். கொழுத்த குடுமி, கோபுரம்போல் உயர்த்திக் கட்டிய குடுமி. "ராசா, அம்மனோட வைர மூக்குத்தியைக் காணோம். இன்னைக்கு ஊரை விட்டுப் போனவ ஒருத்திதான். திரும்பி வராத பயணம் போறவளுக்குத் திருட என்ன பயம்?" என்று அழுதார்.

ராசா தம் ஒற்றர் தலைவனைக் கூப்பிட்டார். அவன் பேர் அனந்தன். யாரையாவது பின்தொடர ஆரம்பித்தால் கண்ணை மூடித் திறக்கமாட்டான் என்று அவனை இமைகொட்டா அனந்தன் என்பார்கள். அவன் வாயிலிருந்து ஒரு பொய் வந்ததாக அந்த ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. "அவளைத் தேடிப் போ. மூக்குத்தி கிடைச்சா, கிடைச்ச இடத்திலேயே கப்பலைத் திருப்பிக் கொண்டா" என்று ராசா ஆணையிட்டார்.

அந்த நாட்டு ஒற்றர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. யாரைப் பிடிக்கப் போகிறார்களோ அவர்கள் வீட்டு உப்பைத் தின்னக் கூடாது. ஒருவர் உப்பைத் தின்றுவிட்டால் அப்புறம் அவர்மேல் கை வைக்கவும் கூடாது, அவரைப் பற்றிச் சாட்சி சொல்லவும் கூடாது. ஆகவே அனந்தன் ஒரு சின்னப் பையிலே சொந்த உப்பை முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டு, விரைவுப் படகிலே ஏறினான். ஒரு தீவு தாண்டினான், இரண்டாம் தீவும் தாண்டினான், மூன்றாம் தீவிலே அவள் குடிநீர் பிடித்துக்கொண்டிருந்தபோது எட்டிப் பிடித்துவிட்டான்.

"நான் ஒரு வைத்தியன், தாயி. என்னையும் ஏத்திக்கிறியா?"

"ஏறிக்கோங்க, அண்ணே."

முதல் சாப்பாட்டிலேயே அவன், "எனக்கு உப்பில்லாமப் போடு தாயி" என்று வாங்கி, தன் பையிலிருந்து நாலு கல் உப்பை எடுத்துப் போட்டுக்கொண்டான். கொம்பன் என்கிற துடுப்புக்காரனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "சுத்திலும் உப்புத் தண்ணி, வைத்தியர் இடுப்பிலே உப்பு மூட்டை. அண்ணே, அடுத்த தரம் வரப்போ ரெண்டு குடம் கடல் தண்ணியும் கொண்டாங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பவளாயி சிரிக்கவில்லை. சொந்த உப்பைச் சுமக்கிறவன் யார் என்று அவளுக்குத் தெரியும்.

அப்புறம் கப்பல் போயிற்று, போயிற்று, மனிதர் கண் படாத கடல்களுக்கெல்லாம் போயிற்று. ஒரு கடலிலே துடுப்பு பட்ட இடமெல்லாம் நீலநெருப்பாய் எரிந்து எரிந்து அணைந்தது. அந்த வெளிச்சத்தில் அனந்தன் பாய்ச்சுருளை அவிழ்த்துத் தேடினான், மூக்குத்தி இல்லை. இன்னொரு கடலிலே ஊர் அகலம் இருக்கிற திமிங்கிலங்கள் கப்பலுக்கு இரண்டு பக்கமும் மூச்சு விட்டுக்கொண்டு கூடவே வந்தன. எல்லோரும் அதையே பார்த்து நின்றபோது அவன் தண்ணீர்ப் பீப்பாய்களுக்குள் கையை விட்டுத் தேடினான், மூக்குத்தி இல்லை. மூன்றாவது கடலிலே கண்ணாடி மலைகள் மிதந்து வந்தன. மலை முழுவதும் பனிக்கட்டி. அதன்மேல் வெயில் பட்டபோது துடுப்புக்காரர்கள் துடுப்பைப் போட்டுவிட்டுக் கும்பிட்டார்கள். அனந்தனும் ஒரு கணம் கும்பிட்டுவிட்டு, அரிசிப் பானையைக் கவிழ்த்துத் தேடினான். மூக்குத்தி இல்லை.

சிந்திய அரிசியைப் பவளாயி உட்கார்ந்து கூட்டி அள்ளினாள்.

"என்ன தேடுறீங்கன்னு சொன்னா நானும் சேர்ந்து தேடுவேன், அண்ணே."

இனி மறைத்துப் பயனில்லை என்று அவனும் சொல்லிவிட்டான். "அம்மன் மூக்குத்தி. கிடைச்சா கப்பலைத் திருப்பணும்."

"திருப்பினா என் தம்பி செத்துப் போவான்."

"தெரியும் தாயி. ஆணை ஆணைதான்."

"அப்போ நல்லாத் தேடுங்க. அந்தப் பானைக்கு அடியிலே இன்னொரு பானை இருக்கு, அதையும் பாருங்க" என்றாள் அவள். அவன் அதையும் பார்த்தான்.

ஆறாம் பௌர்ணமி சமயத்தில் ஒரு பெரிய தீவு குறுக்கே வந்தது. தெற்கு வழியாக அதைச் சுற்றி, மேற்குத் துறையிலே நின்று தண்ணீரும் விறகும் ஏற்றினார்கள். கப்பலில் இல்லாத நகை இங்கே ஏதாவது பட்டறையில் இருக்குமோ என்று அனந்தன் இறங்கிப் போய், ஒரு தட்டான் வீட்டுச் சன்னலிலே எட்டி எட்டிப் பார்த்தான். அந்த ஊர்க்காரர்கள் அவனைத் திருடன் என்று பிடித்துக்கொண்டார்கள்.

அந்தத் தீவிலே விசாரணை என்று ஒன்று கிடையாது. கடல் வற்றியிருக்கும்போது துறைக்கு வெளியே ஒரு கல்தூணில் கட்டிவிட்டு வந்துவிடுவார்கள். குற்றமில்லாதவனைக் கடல் விட்டுவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதுவரை கடல் ஒருவரையும் விட்டதில்லை. அதைப் பற்றி அவர்களில் ஒருவரும் யோசித்ததும் இல்லை.

மூக்குத்தி கிடைக்காமல் சலித்து அனந்தன் அங்கேயே தங்கிவிட்டான் என்று நினைத்துக் கப்பல் புறப்பட்டுவிட்டது. சிறிது தூரம் போனபின், பாய்மரத்தின் மேலே ஏறியிருந்த கொம்பன் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, தூணிலே கட்டியிருக்கிறது நம்ம உப்பு மூட்டை. கடல் ஏறுது. இடுப்பு வரைக்கும் வந்துடுச்சு."

தூண் கிழக்கே இருந்தது. கப்பலின் அணியம் மேற்கே இருந்தது.

"விட்டுத் தள்ளு அக்கா. நம்மைப் பிடிக்க வந்தவன்தானே" என்றான் ஒருவன். "சின்னப் படகை இறக்குவோமா?" என்றான் இன்னொருவன். இருபக்கமும் பாறை, நடுவில் சுழிப்பு. சின்னப் படகு சுக்குநூறாகிவிடும். கப்பலைத் திருப்பினால் தம்பியின் கழுத்து. திருப்பாவிட்டால் அனந்தன் கழுத்து. பவளாயி இரண்டு கழுத்தையும் நினைத்தாள். அப்புறம் தண்ணீரைப் பார்த்தாள். கடல் மேற்கிலிருந்து கரைக்கு, கிழக்கே ஓடிக்கொண்டிருந்தது.

"பாயை இறக்கு. நங்கூரத்தை அணியத்திலிருந்து போடு. கயிறை மெதுவா விட்டுக்கிட்டே இரு" என்றாள்.

கொம்பனுக்குப் புரியவில்லை. ஆனாலும் செய்தான். நங்கூரம் அடியில் கவ்விக்கொண்டது. ஏறுகிற கடல் கப்பலைப் பின்னால் தள்ளியது. கயிறு கப்பலின் மூக்கைப் பிடித்துக்கொண்டதால் அது மேற்கையே பார்த்து நின்றது. மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துப் பின்னால் நடத்துவதுபோல, அந்த மரக்கலம் பின்னாலேயே நடந்து போயிற்று. பவளாயி பின்புறம் நின்று, இடது பாறைக்கும் வலது பாறைக்கும் நடுவே ஒரு முழ இடைவெளியில் அதை நடத்தினாள்.

ஒரு கயிறு முடிந்தது. தண்ணீர் அனந்தன் மார்பில் இருந்தது. இரண்டாம் கயிற்றை முடிச்சுப் போட்டு விட்டார்கள். தண்ணீர் கழுத்தில் இருந்தது. மூன்றாம் கயிறு இல்லை. பாய் கட்டுகிற கயிறுகளை எல்லாம் அறுத்து முறுக்கி விட்டார்கள். தண்ணீர் உதட்டில் இருந்தது. கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு பவளாயி குதித்தாள். ஒரு மூச்சில் கால் கட்டை அறுத்தாள், மறு மூச்சில் கைக் கட்டை அறுத்தாள், மூன்றாம் மூச்சில் அவன் தலைமயிரைப் பிடித்து மேலே கொண்டுவந்தாள்.

அப்புறம் பதினொரு பேரும் அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். இருமிக்கொண்டே எழுந்து பன்னிரண்டாவது ஆளாக அனந்தனும் பிடித்தான். கடல் கிழக்கே இழுக்க, அவர்கள் மேற்கே இழுத்தார்கள். கரையில் தீவுக்காரர்கள் கூடி நின்றார்கள். கடல் ஒருவனை விட்டதை அன்றுதான் அவர்கள் பார்த்தார்கள். வரிசையாக மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

கப்பல் வெளிக்கடலுக்கு வந்தபின் பவளாயி சுடச்சுடக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். அனந்தன் இடுப்பைத் தடவினான். பை இருந்தது, உப்பு கரைந்து போயிருந்தது.

"உப்புப் போட்டிருக்கு, குடிங்க அண்ணே."

"வேணாம் தாயி. உப்பில்லாத கஞ்சி கொடு."

"இன்னமும் என்னைச் சந்தேகப்படுறீங்களா?"

"இல்லே. தூணிலே நின்னப்போதான் யோசிச்சேன். என்னை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கலே. நானும் உன்னைக் கேக்காமத்தானே தேட வந்தேன். யாரைக் கேட்டிருக்கணுமோ அவரையும் கேக்கலே. திருவிழாவிலே அம்மன் முகத்துக்கு, மூக்குத்தியோட சேர்த்து மூணு நாள் சந்தனம் சாத்துவாங்க. மூணாம் நாள்தான் களைவாங்க. நீ புறப்பட்டது ரெண்டாம் நாள். சந்தனத்துக்கு அடியிலே மூக்குத்தி இல்லேன்னு சிங்காரத்துக்கு எப்படித் தெரிஞ்சது?"

பவளாயி கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்தாள்.

"உன் உப்பை நான் தின்னா, நாளைக்கு ராசா முன்னாலே என் சாட்சி செல்லாது. கடல் தண்ணியைக் காய்ச்சினாலும், உன் பானையிலே உன் விறகிலே காய்ச்சினது உன் உப்புதான். உன் தம்பிக்கு அது வேணும். வீடு போற வரைக்கும் எனக்கு உப்பு வேணாம்" என்றான் அனந்தன்.

ஏழு மாதம் அவன் உப்பில்லாமல் தின்றான். உடம்பு ஓய்ந்து, நாக்கு செத்துப் போயிற்று. வேண்டாம் என்று சொன்னவன் வேண்டாம் என்றே இருந்தான். கொம்பன் அப்புறம் அவனைக் கேலி செய்யவே இல்லை.

பதின்மூன்றாம் பௌர்ணமி அன்று விடிந்தது. சேந்தனைக் கட்டிக் கடற்கரைக்குக் கொண்டுவந்தார்கள். ராசா வந்தார், சிங்காரம் வந்தார், ஊரே வந்தது. வந்தவர்கள் எல்லோரும் அவள் போன திசையை, மேற்கையே பார்த்து நின்றார்கள். சேந்தன் ஒருவன்தான் கிழக்கே பார்த்து நின்றான். சூரியன் முளைத்தது. அந்தச் சிவப்பு வட்டத்தின் நடுவிலே கறுப்பாக ஒரு பாய்மரம் முளைத்தது.

ஊரே கிழக்கே திரும்பியது. ராசா மகுடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஏன் கழற்றினோம் என்று அவருக்கே தெரியவில்லை.

பவளாயி கரையில் இறங்கினதும் ராசா கேட்டார்: "அணியம் திரும்பிச்சா?"

"திரும்பலே, ராசா."

"அக்கா தம்பிக்காகப் பொய் சொல்லலாம். துடுப்புக்காரன் தலைவிக்காகச் சொல்லலாம். உன்னைப் பிடிக்கப் போனவன் சொல்லட்டும்."

சிங்காரம் குறுக்கே வந்தார். "அவன் இத்தனை மாசமா இவ உப்பைத் தின்னவன், ராசா."

அனந்தன் முன்னே வந்து நின்றான். எலும்பும் தோலுமாக இருந்த அவனைப் பார்த்ததும் சிங்காரம் பேச்சை நிறுத்திக்கொண்டார். "முதல்லே என் சொந்த உப்பைத் தின்னேன், அப்புறம் ஏழு மாசமா யார் உப்பையும் தின்னலே. அணியம் ஒரு தரம்கூடத் திரும்பலே. எனக்காகக் கப்பல் பின்னாலே நடந்தது" என்று தொடங்கி, நடந்ததை நடந்தபடியே சொன்னான். அப்புறம் சந்தனக் கணக்கையும் சொன்னான்.

"பிடிச்சுக் கட்டுங்க அந்த ஆளை" என்றார் ராசா.

"கட்டறதுக்கு முன்னாலே கேளுங்க, ராசா. கேக்காமக் கட்டினா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்" என்றான் அனந்தன்.

ராசா கேட்டார். "மூக்குத்தி எங்கே?" சிங்காரத்தின் கை குடுமிக்குப் போயிற்று. "சந்தனத்துக்கு அடியிலே பார்த்தது யாரு?" மறுபடியும் கை குடுமிக்குப் போயிற்று. "குடுமி நாறுதே, வருசம் பூரா எண்ணெய் தேய்ச்சுக் குளிக்காம ஏன் இருக்கே?" மூன்றாம் முறையும் கை அங்கேயே போயிற்று. நாவிதரைக் கூப்பிட்டுக் குடுமியை அவிழ்க்கச் சொன்னார்கள். சிக்கும் பேனுமாக அவிழ்ந்த மயிரிலிருந்து, முளைத்த சூரியனைப்போல வைர மூக்குத்தி மணலில் விழுந்தது.

சிங்காரத்துக்கு மொட்டை அடித்தார்கள். திரும்பி வராத பயணம் என்று எந்தப் பயணத்தைச் சொன்னாரோ, அதே பயணத்துக்கு அதே கப்பலில் பாத்திரம் துலக்குகிறவராக அவரை அனுப்பினார்கள்.

ராசா தம் கையாலேயே சேந்தனின் கட்டை அவிழ்த்தார். "உனக்கு என்ன வேணும், கேளு" என்றார். சேந்தன் அக்காளைப் பார்த்து, "ஓரம் எங்கேயாவது இருந்ததா அக்கா?" என்று கேட்டான்.

"தேடிக்கிட்டே போனேன்டா. போன இடமெல்லாம் நடுவாவே இருந்தது" என்றாள் அவள்.

ஆகவே பிள்ளைகளே, யாரையும் கட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டும். அதை மறக்கக் கூடாது. பவளாயி கப்பல் துறைக்கு வந்தது, நம் கதையும் துறைக்கு வந்தது. நங்கூரம் போட்டாயிற்று, கண்ணை மூடுங்கள்.